1 மில்லிகிராம்தானே குறைத்தேன், தலை ஏன் சுற்றுகிறது?

கேள்வி: எனக்கு வயது 63. பதினாறு மாதங்களுக்கு முன்பு தோள்களும் இடுப்பும் இறுகிப்போய், காலையில் கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியாத நிலை வந்தது. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று சொல்லி, தினம் 15 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள். நான்கே நாளில் வலி பறந்துவிட்டது. பிறகு மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 5க்கு வந்தேன். அதுவரை பெரிய தொந்தரவு இல்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு 5ஐ 4 ஆக்கினோம். நாலாம் நாளிலிருந்து, காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒருநாள் குளியலறையில் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் மட்டும் 5 போட்டுக்கொண்டேன். அன்று நன்றாக இருந்தது. "இந்த விஷத்தை ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள் அம்மா" என்கிறான் மகன். நானோ வெறும் 1 மில்லிகிராம்தானே குறைத்தேன்? இது மனப்பிரமையா, அல்லது மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? (ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரையும் ஓராண்டாகச் சாப்பிட்டு வருகிறேன்.)

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது, போகிறபோக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் அந்தக் கடைசி வரியைத்தான். பிறகு அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை.

ஒரேயடியாக நிறுத்துவது கூடவே கூடாது. உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் அவர் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் உங்கள் பிரெட்னிசோலோன் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துக் குடும்பத்தின் கதையிலேயே அதற்கான எச்சரிக்கை இருக்கிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் குழுவினர், மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்த ஒருவருக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. அந்தக் கைத்தட்டல் ஓய்வதற்குள், 1950களின் தொடக்கத்திலேயே, மருந்தை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் ரத்த அழுத்தம் சரிந்து இறந்துபோன செய்திகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. 'மெதுவாகக் குறை' என்ற பாடத்தை மருத்துவ உலகம் அப்படித்தான் கற்றது. 16 மாதம் சாப்பிட்ட மாத்திரையை ஒரு நாளில் விடுவது அந்தப் பாடத்தை உங்கள் உடம்பில் மறுபடி படிப்பதாகும்.

இனி உங்கள் கேள்வி. தலைசுற்றல் என்று நம் மொழியில் ஒரே சொல்லைப் போட்டு மூன்று வேறு தொல்லைகளைச் சொல்லிவிடுகிறோம். அறையே சுழல்வது போன்ற சுற்றல் ஒன்று. படுக்கையில் புரண்டாலோ, தலையை நிமிர்த்தினாலோ சில நொடிகள் வந்து போகும். அது பெரும்பாலும் உட்காதில் கிளம்புவது. ஸ்டீராய்டைக் குறைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம், அதற்கென்று எளிய தலையசைவுச் சிகிச்சை உண்டு. கால் தரையில் பதியாத தள்ளாட்டம் இன்னொன்று. நரம்பு, தசை, பார்வை என்று பல வாசல்கள் அதற்கு. மூன்றாவது, எழுந்து நின்றதும் கண் இருட்டி, காது அடைத்து, விழப்போகிறோம் என்று தோன்றுவது. உட்கார்ந்தால் சரியாகிவிடும். நீங்கள் எழுதியிருப்பது மிகத் தெளிவாக இந்த மூன்றாவது. சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்தீர்களே, உடம்பு கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் உத்தரவிட, ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் சற்று வேகமெடுத்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். இந்த உத்தரவு ரத்தக்குழாயின் காதில் விழுவதற்குக் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் வேண்டும். அது இல்லாவிட்டால் அட்ரினலின் எவ்வளவு கத்தினாலும் குழாய்கள் மந்தமாகத்தான் இறுகும். கார்ட்டிசாலைச் சுரப்பவை சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். அவற்றைச் சுரக்கச் சொல்லித் தூண்டுவது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி.

நீங்கள் போட்டுக்கொள்ளும் பிரெட்னிசோலோன் அதே கார்ட்டிசாலின் வேலையைச் செய்யும் மருந்து. தொட்டியில் தண்ணீர் எப்போதும் நிரம்பி வழிந்தால் மோட்டாரைப் போட யாருக்குத் தோன்றும்? பிட்யூட்டரிக்கும் தோன்றவில்லை. பதினாறு மாதம் போடாத மோட்டார், பொத்தானை அழுத்தியதும் நீர் தூக்கிவிடாது. உறுமும், நின்றுபோகும், மறுபடி உறுமும். சுரப்பி முழுமையாக விழித்துக்கொள்ளச் சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம்.

'1 மில்லிகிராம்தானே' என்ற உங்கள் ஆதங்கத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உடம்பு தானாக ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசாலை பிரெட்னிசோலோன் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் வரை வரும். 15இல் இருந்தபோதும் 10இல் இருந்தபோதும் உங்களிடம் இருந்தது உபரி. உபரியில் கை வைத்தால் உடம்புக்குத் தெரியாது. 5லிருந்து 4க்கு வருவது அப்படியல்ல. கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது, அதுவும் அன்றாடச் செலவுக்கான பங்கு. 15ஐ 14 ஆக்கியபோதும் குறைந்தது அதே 1 மில்லிகிராம்தான், ஆனால் அது பதினைந்தில் ஒரு பங்கு. மாத்திரை அட்டையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், உடம்பில் ஒன்றல்ல.

காலையில் ஏன் மோசம்? கார்ட்டிசால் நள்ளிரவில் அடிமட்டத்தில் இருந்து, விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, நாம் கண் விழிக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொட வேண்டும். நேற்றுக் காலை போட்ட மாத்திரையின் வேகம் இன்று விடியும்போது வடிந்திருக்கும். உள்ளிருந்து வரவேண்டியதும் போதுமான அளவு வரவில்லை என்றால், நீங்கள் கட்டிலை விட்டு இறங்கும் அந்த அரை மணி நேரம்தான் இரண்டு பக்கமும் வறண்ட நேரம். ஆகவே மாத்திரையைப் பத்து மணி வரை தள்ளாதீர்கள். எழுந்ததும் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு பதிலை முடித்துவிடலாம், பலரும் முடித்துவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படி முடித்துச் சூடுபட்டுக்கொண்டேன்.

தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். சிறுநீரக நோய்க்காக 40 மில்லிகிராமில் தொடங்கி 7.5 வரை இறங்கியிருந்த ஒருவர் தலைசுற்றலோடு வந்தார். கதை எல்லாம் பொருந்தியது. சுரப்பி இன்னும் தூங்குகிறது என்று சொல்லி டோஸைப் பழையபடி 10 ஆக்கினேன். மூன்று வாரம் கழித்து வந்தார், சுற்றல் அப்படியே இருந்தது. ஆனால் அவர் கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவர். கட்டம் போட்ட சிறு நோட்டில் ஒவ்வொரு தடவை சுற்றியபோதும் மணி எழுதி வைத்திருந்தார். 9.10, 9.40, 9.25, 10.05. மாலையில் ஒன்றுகூட இல்லை. "எட்டரைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு பிபி மாத்திரைகள். 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு ரத்த அழுத்தத்தை எகிறவைத்த காலத்தில் எழுதப்பட்டவை. ஸ்டீராய்டு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தது. பிபி மாத்திரைகளை யாரும் தொடவில்லை, நான் உட்பட. அவற்றில் ஒன்றை நிறுத்தியதும் ஒரே வாரத்தில் சுற்றல் போயிற்று. மூன்று வாரம் அவருக்குத் தேவையில்லாத ஸ்டீராய்டு கொடுத்தது என் கணக்கில்.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருவோம். ரத்த அழுத்த மாத்திரை ஓராண்டாக, அதாவது பிரெட்னிசோலோன் தொடங்கிய பிறகு வந்தது. ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அந்தத் தேக்கத்தை வடிக்கத்தான் நீர் மாத்திரையும் வந்திருக்க வேண்டும். தேக்கிய மருந்து குறைந்துகொண்டே போகிறது. வடிக்கும் மருந்து மட்டும் பழைய அளவிலேயே வடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கண் இருட்டுவதற்குப் பாதிக் காரணம், ஏன் முக்கால்வாசிக் காரணம்கூட, இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடிந்த ஊகம். (சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இதே நியாயம்தான். ஸ்டீராய்டு ஏற்றிய சர்க்கரைக்காகக் கூட்டிய இன்சுலினும் மாத்திரையும், ஸ்டீராய்டு இறங்கும்போது சேர்ந்து இறங்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து அதுவும் தலைசுற்றலாக வரும். அவர்களுக்குச் சுற்றும் அந்த நொடியில் பார்த்த சர்க்கரை அளவைவிட நல்ல சாட்சி கிடையாது.)

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் நாளைக் காலையே செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை அளக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. படுத்திருக்கையில் 130/80 இருந்தது நின்றதும் 106/68 ஆனால், மேல் எண்ணில் 24 சரிந்திருக்கிறது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 சரிந்தாலே அது கவனிக்க வேண்டிய சரிவு. நிற்கவே முடியாமல் இருட்டினால் அளவைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். அதுவும் ஒரு விடைதான். இதையே மாத்திரைகள் போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை செய்யுங்கள். மூன்று நாள் எழுதினால் போதும். மணி, அளவு, அதற்குமுன் என்ன மாத்திரை, படுத்திருந்தீர்களா குளித்துவிட்டு வந்தீர்களா, இவ்வளவுதான்.

அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். பிபி மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சில வகைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தமும் நாடித்துடிப்பும் பாய்ந்து ஏறும். உங்களுடையது எந்த வகை என்று அவருக்குத் தெரியும். ஸ்டீராய்டைப் பொறுத்தவரை அவருக்குப் பல வழிகள் உண்டு. 5க்கே திரும்பிச் சில வாரம் நிற்கலாம். ஒரு நாள் 5, மறுநாள் 4 என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லலாம். அரை மில்லிகிராம் படிகளாக இறங்கலாம். 10க்குக் கீழே வந்தபின் மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்பது உங்கள் நோய்க்கு வழக்கமான வேகம். ஆனால் அது எல்லோருக்கும் பொதுவாக வெட்டிய சட்டை. உங்கள் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொள்வதில் யாருக்கும் மானக்கேடு இல்லை. குறைக்கும் அட்டவணையைச் சத்தியப் பிரமாணம் போல் எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறவர்களைப் பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரும். கடைசியில் அவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வருவார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைத்திருக்கும். உங்களைப் பொறுத்தவரை தலைசுற்றலைவிட அது தள்ளிவிடும் விழுகைதான் பெரிய ஆபத்து.

ரத்தப் பரிசோதனை ஒன்றும் அவர் சொல்லக்கூடும். காலை எட்டு, ஒன்பது மணிக்குள், அன்றைய மாத்திரை போடுவதற்கு முன்பு, முந்தைய மாத்திரைக்கு 24 மணி நேரமாவது கழித்து, கார்ட்டிசால் அளப்பது. 2024இல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அது டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது. 5க்குக் கீழே என்றால் இன்னும் ஆழ்ந்த தூக்கம். இப்போதைய அளவைத் தொடர்ந்துகொண்டு சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் பொறுமையாக இருந்து மறுபடி அளக்கலாம். ரத்தம் எடுத்த கையோடு மாத்திரையைப் போட்டுவிடுங்கள். பரிசோதனை மும்முரத்தில் அன்றைய மாத்திரையையே மறந்துவிட்டு மாலையில் துவண்டுபோய் வந்தவர்களும் உண்டு.

இதற்கிடையில் எழுந்திருக்கும் முறையை மாற்றுங்கள். கண் விழித்ததும் படுத்தபடியே பாதங்களை இருபது முப்பது தடவை மேலும் கீழும் மடக்கி நீட்டுங்கள். கெண்டைக்கால் தசைதான் கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. இரவே தலைமாட்டில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து அதைக் குடித்து முடியுங்கள். குடிக்க ஆகும் நேரமும் கணக்கில்தான். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, நடப்பதற்கு முன் அங்கேயே பத்து எண்ணுங்கள். நின்றுகொண்டிருக்கும்போது இருட்டத் தொடங்கினால் கால்களைக் கத்தரி போல் பின்னித் தொடைகளை இறுக்குங்கள், கைமுட்டியை மடக்குங்கள். பல நேரம் அது ஒரு நாற்காலியை எட்டுவதற்குப் போதுமான அவகாசம் தரும். இரவில் கழிப்பறைக்குப் போனால் விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம். வெந்நீர்க் குளியலைக் கொஞ்ச நாளைக்கு வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், சூடு ரத்தக்குழாய்களை விரித்துவிடும். உள்ளே ஒரு முக்காலி இருக்கட்டும். உப்பைக் கூட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். உப்பைக் காக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன், அட்ரீனலே பழுதாகும் நோயில்தான் குறையும். மாத்திரையால் தூங்கும் சுரப்பியில் அது பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துகொண்டிருக்கும். உங்களுக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் இதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது என்பதையும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். தலைசுற்றலோடு வாந்தி நிற்காமல் வருவது, கடும் வயிற்றுவலி, பேச்சுக் குழறலோ குழப்பமோ, எழுப்ப எழுப்பத் தூங்கி வழிவது, படுத்திருந்தாலும் அழுத்தம் தாழ்ந்தே இருப்பது: இவை கார்ட்டிசால் அறவே தீர்ந்துபோகும் நெருக்கடியின் அடையாளங்கள். உடனே மருத்துவமனை. போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "பதினாறு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறோம்" என்பதுதான். கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தாமதமில்லாமல் போட வைக்கும் வாக்கியம் அது. இதையே ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக மலம் போனால் இரைப்பையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். உங்கள் நோய்க்கென்றே உரிய ஒன்றும் உண்டு: நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை நோவு, பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது. இது தலை ரத்தக்குழாய்களின் அழற்சியாக இருக்கலாம். பார்வையைப் பறிக்கக்கூடியது, ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைச் சில நாள் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு, எத்தனை நாள் என்று இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தோளும் இடுப்பும் காலையில் மறுபடி முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுகத் தொடங்கினால் அது நோய் தலைதூக்குவது. சுரப்பியின் சோம்பல் அல்ல. இரண்டும் களைப்பாகத்தான் தொடங்கும் என்பதால் குழம்புவது இயல்பு. உங்கள் கடிதத்தில் இறுக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடிமையாகிவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. அடிமைத்தனம் என்பது தேவையில்லாததை மனம் தேடுவது. உங்கள் உடம்பு தேடுவது பிறந்த நாள் முதல் தானே தயாரித்து வந்த, இல்லாவிட்டால் உயிர் தரிக்க முடியாத ஒரு பொருளை. மனப்பிரமையும் இல்லை, மனப்பிரமை என்றால் ரத்த அழுத்தக் கருவியில் எண் சரியாது, நீங்களே அளந்து பாருங்கள்.

யாரிடமும் சொல்லாமல் போட்டுக்கொண்ட அந்த 5 பற்றி ஒன்று. அன்று நன்றாக இருந்தது ஒரு துப்பு. ஆனால் ஒரே ஒரு நாள் நன்றாக இருந்ததை வைத்து முடிவு கட்ட முடியாது. அன்று நீர் மாத்திரையை மறந்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். மருத்துவரிடம் அதை மறைத்தால், நீங்கள் 4இல் தாங்குகிறீர்கள் என்று எண்ணி அடுத்த படியை எழுதிவிடுவார். தாளின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள், தேதியோடு. அன்று மற்ற இரண்டு மாத்திரைகளையும் போட்டீர்களா என்று ஞாபகம் இருந்தால் அதையும்.